பெயிண்டில் படிந்த உப்புக்கறை: முதலில் கரையுங்கள், தேய்ப்பதைப் பிறகு பார்க்கலாம்

வண்டியைக் கழுவி வெயிலில் விட்டால் கொஞ்ச நேரத்திலேயே பானட் முழுக்க வெள்ளை வெள்ளையாக வட்டங்கள் வந்துவிடும். துணியால் துடைத்தால் போகாது. மறுபடி தண்ணீர் ஊற்றினால் போய்விட்ட மாதிரி தெரியும். காய்ந்ததும் அதே இடத்தில் அதே வட்டம். கறுப்பு, கருநீலம் போன்ற நிறங்களில் இன்னும் எடுப்பாகத் தெரியும். இந்தக் கட்டத்தில் பெரும்பாலானவர்கள் பாலிஷ் டப்பாவைத் திறக்கிறார்கள். அது வரிசையில் கடைசியாக வர வேண்டிய வேலை. பாதிப் பேருக்கு அது தேவையே படாது.

உப்புத்தண்ணீர் என்று நாம் சொல்லும் போர் தண்ணீரில் முக்கியமாகக் கரைந்திருப்பது கால்சியம், மெக்னீசியம் பைகார்பனேட்டுகள். தண்ணீர் காயும்போது பைகார்பனேட் சிதைந்து, கார்பன் டை ஆக்சைடு பறந்துபோய், மிச்சம் கால்சியம் கார்பனேட்டாகப் படிகிறது. சுண்ணாம்புக்கல்லும் இதே பொருள்தான். கரைந்த நிலையில் வந்தது கரையாத பொருளாக மாறி உட்கார்ந்துவிடுவதால்தான், தண்ணீரில் வந்த கறை தண்ணீரில் போகமாட்டேன் என்கிறது. தகடு சூடாக இருந்தால் இந்த மாற்றம் இன்னும் வேகமாக நடக்கும். சொட்டின் ஓரம் நடுப்பகுதியைவிட வேகமாகக் காய்கிறது. காய்ந்த இடத்தை நிரப்ப உள்ளிருந்து தண்ணீர் ஓரத்தை நோக்கி ஓடும்போது உப்பையும் இழுத்துக்கொண்டு போகிறது. கறை புள்ளியாக இல்லாமல் வளையமாக இருப்பதற்குக் காரணம் இது.

சொட்டு லென்ஸ் மாதிரி வெயிலைக் குவித்துப் பெயிண்டைச் சுடுகிறது என்று ஒரு கதை பல காலமாக உலவுகிறது. தட்டையான தகட்டில் உட்கார்ந்திருக்கும் சொட்டின் குவியம் பெயிண்டுக்கும் கீழே எங்கோ விழும். ஒளி ஒரு புள்ளியில் கூடுவதற்குள் தகடு குறுக்கே வந்துவிடும். சேதம் செய்வது காயக் காயச் செறிவாகும் உப்பும் தகட்டின் சூடும்தான். வெயிலில் நிற்கும் கறுப்பு பானட் எழுபது டிகிரியைச் சாதாரணமாகத் தொடும். அந்தச் சூட்டில் கிளியர் கோட் (நிறத்துக்கு மேல் அடிக்கும் நிறமற்ற பாதுகாப்புப் பூச்சு) இளகியிருக்கும், மேலே இருப்பது உள்ளே இறங்கும்.

அதனால் கறையில் இரண்டு நிலை உண்டு. முதலாவது, பெயிண்டின் மேல் உட்கார்ந்திருக்கும் படிவு. இரண்டாவது, படிவு போன பிறகும் தெரியும் பள்ளம், அதாவது கிளியர் கோட்டையே அரித்த தடம். முதலாவதைக் கரைக்கலாம். இரண்டாவதைக் கரைக்க முடியாது, சுற்றியுள்ள மட்டத்தைத்தான் இறக்க வேண்டும். எது எந்த நிலை என்று தெரியாமல் நேராகப் பாலிஷ் மெஷினை வைத்தால், சும்மா கரைந்து போகக்கூடிய சுண்ணாம்பை எடுக்க நல்ல கிளியர் கோட்டைச் செலவழித்தவர்கள் ஆவோம். போதாததற்கு, அந்தச் சுண்ணாம்புத் துகள் பேடுக்கு அடியில் உருண்டு புதுக் கீறலும் போடும்.

கறையில் என்னென்ன இருக்கிறது

எல்லா வெள்ளைக் கறையும் கார்பனேட் இல்லை. தண்ணீரில் சல்பேட் அதிகம் இருந்தால் ஜிப்சமும் படியும். ஜிப்சம் அமிலத்துக்கு அசையாது. ஆனால் வெறும் தண்ணீரிலேயே ஓரளவு கரையும், லிட்டருக்குச் சுமார் 2 கிராம். மூன்றாவது சிலிக்கா. பல போர் தண்ணீரில் இது உண்டு. காய்ந்த பிறகு நாம் கையாளத் துணியும் எந்த அமிலத்திலும் கரையாது, கண்ணாடியிலும் செராமிக் கோட்டிங்கிலும் ஒட்டிக்கொண்டு அழ வைக்கும். கறை பழுப்பாகவோ மஞ்சளாகவோ இருந்தால் இரும்பு கலந்திருக்கிறது. அதற்குச் சிட்ரிக் ஆசிட்டோ, தெளித்ததும் ஊதா நிறமாக மாறும் இரும்பு நீக்கியோ வேலை செய்யும்.

ஆக, அமிலம் போட்டும் போகாத கறைக்கு இன்னும் வீரியமான அமிலம் என்பது பெரும்பாலும் தவறான முடிவு. கணக்குப் போட்டே பார்க்கலாம். லிட்டருக்கு 300 மி.கி. கடினத்தன்மை உள்ள தண்ணீர் என்றால் அது மிகக் கடினமான தண்ணீர் (180க்கு மேல் போனாலே அப்படித்தான் வகைப்படுத்துகிறார்கள்). அதில் 0.1 மில்லி சொட்டு காய்ந்தால் விட்டுப்போவது 0.03 மி.கி. கார்பனேட். அதைக் கரைக்கச் சுமார் 0.036 மி.கி. அசெட்டிக் அமிலம் போதும். 5 சதவீத வெள்ளை வினிகரில் சரிபாதி தண்ணீர் கலந்து அதே அளவு ஒரு சொட்டு விட்டால் அதில் 2.5 மி.கி. அசெட்டிக் அமிலம் இருக்கிறது, தேவையைப் போல எழுபது மடங்கு. பல தடவை ஒன்றன்மேல் ஒன்றாகப் படிந்த கறையானாலும் வீரியம் ஒரு பிரச்சினையே இல்லை. தேவைப்படுவது ஈரமாகத் தொட்டுக்கொண்டிருக்கும் நேரம். அந்த நேரத்தையும் கொடுத்த பிறகு போகவில்லை என்றால் அது கார்பனேட் இல்லை, அல்லது படிவே இல்லை, பள்ளம்.

இதைக் கண்டுபிடிக்க ஒரே ஒரு கறை போதும். வண்டியை ஷாம்பூ போட்டுக் கழுவித் துடைத்துவிட்டு, வெளியே தெரியாத ஓரமாக ஒரு கறையைத் தேர்ந்தெடுத்து, அதன்மேல் பாதிக்குப் பாதி கலந்த வினிகர் ஒரு சொட்டு விடுங்கள். ஒன்றரை நிமிடம் கழித்துத் துடைத்து, தண்ணீரால் அலசி, நன்றாகக் காயவிட்டுப் பாருங்கள். காயவிட்டு என்பதுதான் இதில் முக்கியம். ஈரம் இருக்கும்வரை பள்ளமும் தண்ணீரால் நிரம்பி மறைந்திருக்கும். அந்த நேரத்தில் பார்த்து போய்விட்டது என்று சந்தோஷப்படுவது சகஜம். டார்ச்சைச் சாய்வாகப் பிடித்துப் பார்த்தால் தெளிவாகத் தெரியும். கறை முழுக்கப் போயிருந்தால் கார்பனேட், மொத்த வண்டிக்கும் அமிலம் போதும். பாதி மங்கியிருந்தால் இரண்டு மூன்று பொருள் கலந்திருக்கிறது. வெள்ளைப் பொடி போய், விரலுக்கு வழுவழுப்பாக இருந்தும் வளையம் மட்டும் சாய்வொளியில் தெரிந்தால் அரிப்பு.

கரைக்கும் கரைசல்

இரண்டு வழி இருக்கிறது. வெள்ளை வினிகர் 1 பங்கு, டிஸ்டில்டு வாட்டர் 1 பங்கு. அல்லது சிட்ரிக் ஆசிட் தூள் 20 முதல் 30 கிராம், டிஸ்டில்டு வாட்டர் 1 லிட்டர். ஆர்.ஓ. வடிகட்டியிலிருந்து வரும் நல்ல தண்ணீரும் பரவாயில்லை. குழாய்த் தண்ணீரில் கலக்கக் கூடாது. அதிலிருக்கும் பைகார்பனேட்டே அமிலத்தில் கொஞ்சத்தைத் தின்றுவிடும், காய்ந்தால் தன் பங்குக்கு ஒரு கறையும் வைக்கும்.

இரண்டில் எனக்கு வினிகர்தான் உசத்தி. வாடை ஒன்றுதான் குறை. அசெட்டிக் அமிலம் சுண்ணாம்புடன் சேர்ந்தால் வரும் கால்சியம் அசெட்டேட் தண்ணீரில் தாராளமாகக் கரையும், அலசினால் போய்விடும். சிட்ரிக் ஆசிட் சேர்ந்தால் வரும் கால்சியம் சிட்ரேட் அவ்வளவு சுலபமாகக் கரையாது. கறை கனமாக இருந்து, கரைசலையும் ரொம்ப நேரம் விட்டுவிட்டால், போன கறைக்குப் பதில் மெல்லிய வெள்ளைப் படலம் ஒன்று தெரியும். சிலர் அதைப் பார்த்து ஆசிட் பெயிண்டைத் தின்றுவிட்டது என்று பயப்படுகிறார்கள். புதுக் கரைசல் தெளித்து உடனே நிறையத் தண்ணீர் விட்டு அலசினால் அது போகும். வாடை பிடிக்காதவர்கள் சிட்ரிக்கை எடுத்துக்கொள்ளலாம், நேரத்தை மட்டும் குறைத்துக்கொள்ள வேண்டும்.

கடையில் உப்புக்கறை நீக்கி என்றே விற்கும் பாட்டில்களும் பெரும்பாலும் இதே மாதிரி அமிலங்கள்தான். ஜெல் வடிவில் இருந்தால் கதவு மாதிரி செங்குத்தான இடத்தில் வழியாமல் நிற்கும், அந்த ஒரு வசதிக்காக வாங்கலாம். லேபிளில் ஹைட்ரோஃபுளோரிக் அமிலம் அல்லது அமோனியம் பைஃபுளோரைடு என்று இருந்தால் கீழே வைத்துவிடுங்கள். அமிலங்களில் சிலிக்காவைக் கரைப்பது அது மட்டும்தான், உண்மை. ஆனால் கண்ணாடியையும் அரித்து மங்கலாக்கும். தோலில் பட்டால் உடனே எரியாமல், உள்ளே இறங்கி உடம்பின் கால்சியத்தைப் பிடித்துக்கொள்ளும் விஷம் அது. கழிவறை கழுவும் ஹைட்ரோகுளோரிக் அமிலமும் வேண்டாம். குரோம், அலுமினியம், வெளியே தெரியும் இரும்பு எதையும் விட்டுவைக்காது. வினிகரோ சிட்ரிக்கோ, பிளீச்சிங் கலந்த எதனோடும் சேரக் கூடாது. குளோரின் வாயு வரும்.

வேலை செய்யும் முறை

நிழலில், தகடு தொட்டால் குளுமையாக இருக்கும்போது மட்டும். வெயிலில் நின்ற வண்டி என்றால் நிழலுக்கு வந்த பிறகு ஒரு மணி நேரமாவது ஆறவிட வேண்டும். எஞ்சின் சூடு பானட்டில் ரொம்ப நேரம் நிற்கும்.

முதலில் ஷாம்பூ போட்டு முழுசாகக் கழுவுங்கள். மண் இருக்கும்போது அமிலத் துணியை வைத்து இழுத்தால் கீறல்தான் மிஞ்சும். சோப்புக் கட்டி வேண்டாம். உப்புத்தண்ணீரில் சோப்பு கரையாமல் திரிந்து, கால்சியத்தோடு சேர்ந்து ஒரு பிசுக்காகப் படியும். அது இன்னொரு கறை. கழுவிய பிறகு பாலிஷ் செய்யாத அலுமினியம், அனோடைஸ் செய்த (மின்சாரத்தால் மேல்தோல் கெட்டியாக்கிய அலுமினிய) ஜன்னல் பட்டை, குரோம் விட்டுப்போன இடங்கள் எல்லாவற்றையும் மாஸ்கிங் டேப்பால் மூடுங்கள். முக்கியமாக அனோடைஸ் செய்த பட்டை. அமிலம் பட்டுக் காய்ந்தால் பால் நிறத்தில் ஒரு தடம் விழும், அதை மீட்க வழியே கிடையாது. கையுறையும் கண்ணாடியும் போட்டுக்கொள்ளுங்கள்; தலைக்கு மேல் கூரையைத் துடைக்கும்போதுதான் கண்ணில் தெறிக்கும்.

ஒரு தடவைக்கு இரண்டடிக்கு இரண்டடி இடம் போதும். கரைசலைத் தகட்டில் தெளிப்பதைவிட மைக்ரோஃபைபர் துணியில் ஊறவைத்து, துணியைக் கறையின்மேல் அப்படியே படரவிடுவது நல்லது. வழியாது, காயாது, எல்லாக் கறைக்கும் ஒரே நேரம் கிடைக்கும். ஒன்று முதல் இரண்டு நிமிடம். பிறகு அழுத்தாமல் ஒரு தடவை துடைத்து, உடனே தண்ணீரால் அரை நிமிடம் அலசி, காய்ந்த துணியால் ஒற்றியெடுங்கள். காய்ந்ததும் பாருங்கள். மிச்சமிருந்தால் மறுபடி. மொத்தம் மூன்று சுற்று. அதற்குப் பிறகும் நிற்பதை அமிலத்தால் துரத்துவதில் பயனில்லை.

அப்படி நிற்பதில் ஜிப்சம் இருக்க வாய்ப்பு உண்டு என்பதால் பாலிஷுக்குப் போகும் முன் ஒரு எளிய முயற்சி செய்யலாம். டிஸ்டில்டு வாட்டரில் ஊறிய தடித்த துணியைக் கறைமேல் போட்டு இருபது நிமிடம் விடுங்கள், நடுவில் ஒரு தடவை மேலே தண்ணீர் விட்டு ஈரத்தைக் காப்பாற்றுங்கள். பிறகு துடைத்தால் கணிசமாகக் குறையும். பொறுமைதான் செலவு. ஆச்சரியமாக இதைச் செய்கிறவர்கள் மிகக் குறைவு.

எல்லா இடமும் முடிந்ததும் மறுபடி ஒரு தடவை ஷாம்பூ போட்டு வண்டி முழுக்கக் கழுவுங்கள். கதவு இடுக்கு, பேட்ஜ் இடுக்கு, கண்ணாடி ரப்பருக்கு அடியில் எல்லாம் அமிலம் தங்கியிருக்கும். பேக்கிங் சோடா கரைத்து ஊற்றிச் சமன் செய்ய வேண்டும் என்று சிலர் சொல்வார்கள். செய்தால் கெடுதல் இல்லை, ஆனால் நிறையத் தண்ணீர் அதே வேலையைச் செய்துவிடும்.

கையைப் பிளாஸ்டிக் பைக்குள் விட்டுத் தகட்டைத் தடவிப் பாருங்கள். நெருநெருவென்று இருந்தால் க்ளே பார் (ஒட்டிய துகளை இழுத்தெடுக்கும் களிமண் மாதிரித் துண்டு) போடலாம். ஐம்பது கிராம் துண்டை உள்ளங்கை அளவுக்குத் தட்டி, தகடு வழுக்கும் அளவுக்கு க்ளே லூப்ரிகன்ட் தெளித்து, நேர்கோட்டில், துண்டின் சொந்த எடை அளவு அழுத்தத்தில் இழுக்க வேண்டும். நான்கைந்து இழுப்புக்கு ஒரு முறை மடித்துப் புதுப் பக்கம் எடுங்கள். கீழே விழுந்தால் அந்தத் துண்டைத் தூக்கிப் போடுவதுதான் சரி. ஒட்டிய மணல் ஒன்று போதும். க்ளே அரிப்பை எடுக்காது. மேலே நீட்டிக்கொண்டிருப்பதை மட்டும்தான் எடுக்கும். மெல்லிய கீறல் படலம் ஒன்றையும் விட்டுப்போகும் என்பதால், பாலிஷ் செய்கிற எண்ணம் இல்லாதவர்கள் கறுப்பு வண்டிக்கு க்ளேயைத் தொடாமல் இருப்பதே மேல்.

பள்ளம் விழுந்துவிட்டால்

சில சமயம் மேலோட்டமான அரிப்பு, படிவை எடுத்த பிறகு ஒரு நாள் வெயிலில் நின்றாலே கொஞ்சம் மங்கும். சூட்டில் கிளியர் கோட் இளகித் தன்னை ஓரளவு சமன் செய்துகொள்கிறது. படிவை முழுசாக எடுத்த பிறகுதான் இது பலிக்கும். படிவோடு வெயிலில் விட்டால் எதிர் வேலை நடக்கும். ஹீட் கன் வைத்து இதை அவசரப்படுத்த வேண்டாம், பம்பர் பிளாஸ்டிக் கோணிவிடும்.

அதற்கும் மேல் தெரிந்தால் பாலிஷ். கம்பெனி பெயிண்டில் எல்லா அடுக்கும் சேர்த்து 100 முதல் 150 மைக்ரான் இருக்கும், அதில் கிளியர் கோட் 35 முதல் 50 மைக்ரான். எழுதும் தாளின் பருமனில் பாதிதான். நல்ல பாலிஷ் ஒரு சுற்றில் ஓரிரண்டு மைக்ரான் எடுக்கும், கட்டிங் காம்பவுண்டு அதைவிட அதிகம். அளக்கும் கருவி காட்டுவது மொத்தப் பருமனைத்தான், கிளியர் கோட்டைத் தனியாக இல்லை. 90க்குக் கீழே காட்டினால் முன்பே யாரோ நன்றாகத் தேய்த்திருக்கிறார்கள் என்று சந்தேகப்படுங்கள். 200க்கு மேல் என்றால் மறுபெயிண்ட்.

மெஷின் டூயல் ஆக்‌ஷன் வகையாக (பேடு சுழன்றபடியே அசைந்தும் நகரும்) இருக்கட்டும். ஒரே அச்சில் சுற்றும் ரோட்டரி வேகமாக வெட்டும், புதியவர் கையில் வேகமாகவே சுட்டும் விடும். மென்மையான ஃபோம் பேடும் மெல்லிய பாலிஷும் வைத்து ஒரு சிறு இடத்தில் சோதித்துப் பாருங்கள்; போதவில்லை என்றால்தான் ஒரு படி கடுமையான பேடு, அதற்கும் பிறகுதான் கடுமையான பாலிஷ். ஐந்து அங்குலப் பேடுக்குப் பட்டாணி அளவில் நான்கு துளி. ஒன்றரை அடிச் சதுரம். வேகம் ஒன்றில் பரப்பி, நான்கு அல்லது ஐந்துக்கு ஏற்றி, நொடிக்கு இரண்டு மூன்று சென்டிமீட்டர் நகரும் வேகத்தில், முந்தைய பாதையில் பாதியை மூடியபடி, குறுக்கும் நெடுக்குமாக நான்கு முதல் ஆறு முறை. பேடு சுழல்வது நிற்கும் அளவுக்கு அழுத்தக் கூடாது. ஒவ்வொரு சதுரத்துக்கும் பேடைத் துலக்குங்கள். துலக்காத பேடில் சேரும் பாலிஷ் கசடு, வேலை செய்யாமல் தேய்த்துக்கொண்டிருக்கும்.

பாலிஷில் எண்ணெய் இருக்கும், அது பள்ளத்தை நிரப்பி மறைக்கும். அதனால் ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் 10 முதல் 15 சதவீதம் டிஸ்டில்டு வாட்டரில் கலந்து துடைத்த பிறகு பார்ப்பதுதான் உண்மையான முடிவு. ஓரம், மடிப்புக் கோடு, கதவு விளிம்பு எல்லாவற்றிலும் பெயிண்ட் மெல்லிசாகத்தான் உட்கார்ந்திருக்கும், அங்கே டேப் ஒட்டிவிட்டு வேலை செய்யுங்கள். கறுப்புப் பிளாஸ்டிக் பட்டைகளையும் மூடுங்கள். அதன் சொரசொரப்பில் பாலிஷ் புகுந்தால் வெள்ளையாகக் காய்ந்து தலைவலி கொடுக்கும்.

எவ்வளவு தூரம் போவது என்பது தனிக் கேள்வி. பள்ளத்தின் அடிவரை மட்டத்தை இறக்க வேண்டிய அவசியமே இல்லை. விளிம்பின் கூர்மை மழுங்கினாலே ஒளி சிதறுவது குறைந்து, நான்கடி தள்ளி நின்றால் கண்ணுக்குத் தெரியாமல் போகும். இரண்டு சுற்றில் முக்கால்வாசி மறைந்துவிட்டால் அங்கே நிறுத்துவது என் கட்சி. மிச்சக் கால்வாசியை எடுக்கும் மைக்ரான்கள் பல வருடம் கழித்துத் தேவைப்படலாம்.

பேஸ்ட்டால் பல் தேய்ப்பது போலத் தேய்க்கச் சொல்லும் யோசனையும் மண்ணெண்ணெய் யோசனையும் திரும்பத் திரும்ப வரும். பேஸ்ட்டும் உராய்வுப் பொருள்தான், ஆனால் துகள் அளவு பெயிண்டுக்காக வடிவமைத்ததில்லை. மண்ணெண்ணெய் தாது உப்பைக் கரைக்காது. இருக்கும் வாக்ஸைக் கரைத்து, எண்ணெய்ப் படலத்தால் கறையை மறைத்துக் காட்டும். அடுத்த தடவை கழுவியதும் எல்லாம் திரும்ப வந்துவிடும்.

பெயிண்ட் அல்லாத இடங்கள்

மேட் பெயிண்டை எந்தக் காரணத்துக்காகவும் பாலிஷ் செய்யாதீர்கள், தேய்த்த இடம் பளபளத்துத் தனியாகத் தெரியும். அமிலத்தோடு நிறுத்திக்கொள்ள வேண்டியதுதான். பைக் டேங்குகளில் மேட் இப்போது சாதாரணம் என்பதால் இது முக்கியம். சைலன்சர் சூடாக இருக்கும்போது பக்கத்தில்கூட அமிலம் தெறிக்கக் கூடாது. பெயிண்ட் பாதுகாப்பு ஃபிலிம் ஒட்டிய இடத்தில் நீர்த்த வினிகர் ஒரு நிமிடம் போதும். அரிப்பு இருந்தால் பல ஃபிலிம்கள் வெயில் சூட்டில் தானே சரியாகும். புதிதாகப் பெயிண்ட் அடித்த பாகம் என்றால் முதல் முப்பது நாள் தண்ணீரைத் தவிர வேறு எதுவும் வேண்டாம்.

கண்ணாடியில் கதை வேறு. முதலில் அதே வினிகர். போகாதது பெரும்பாலும் சிலிக்கா, அதற்குச் சீரியம் ஆக்சைடு கலந்த கண்ணாடி பாலிஷ்தான் பதில். ஃபெல்ட் பேடில், எப்போதும் ஈரமாக வைத்துத் தேய்க்க வேண்டும். கண்ணாடி சூடேறினால் விரிசல் விடலாம். உள்பக்கம் ஒட்டிய ஃபிலிமில் இது படக் கூடாது.

கான்கிரீட் கூரையிலிருந்து சொட்டும் தண்ணீர்

அடித்தளப் பார்க்கிங்கில் நிற்கும் வண்டிகளில் ஒரு கறை வரும், அது மேலே சொன்ன எதைவிடவும் மோசமானது. கூரை விரிசலில் கசியும் தண்ணீர் சிமென்ட்டிலிருந்து கால்சியம் ஹைட்ராக்சைடைக் கரைத்துக்கொண்டு சொட்டுகிறது. அதன் பிஎச் 12ஐத் தாண்டலாம். காற்றிலிருக்கும் கார்பன் டை ஆக்சைடுடன் சேர்ந்து வெள்ளைக் கல்லாக இறுகுகிறது. இங்கே இரண்டு தாக்குதல் ஒரே நேரத்தில்: காரம் பெயிண்டை அரிக்கிறது, மேலே கல் வளர்கிறது. நகத்தால் சுரண்டினால் கல்லோடு கிளியர் கோட்டும் செதிளாக வந்துவிடலாம். ஊறிய துணியை ஐந்து நிமிடம் போட்டு, புதுக் கரைசல் மாற்றி மாற்றி, அடுக்கடுக்காகக் கரைக்க வேண்டும். வினிகர் இங்கே நுரைத்துக்கொண்டே தீர்ந்துபோகும் என்பதால் மாற்றுவது அவசியம். கல் முழுக்கப் போன பிறகு அடியில் மங்கலான வட்டம் இருந்தால் அது அரிப்பு, பாலிஷுக்குத் தாங்கினால் உண்டு. ஓரிரு நாளுக்குள் பார்த்துக் கரைத்தால் பெரும்பாலும் தடமில்லாமல் போகும். வண்டியை வேறு இடத்தில் நிறுத்துவதைவிட நல்ல மருந்து இதற்கு இல்லை.

திரும்ப வராமல் இருக்க

டி.டி.எஸ். மீட்டரை வைத்து மட்டும் தண்ணீரை எடைபோட வேண்டாம். அது கரைந்த உப்பு மொத்தத்தையும் காட்டும், சுண்ணாம்பு எவ்வளவு என்று சொல்லாது. மென்னீராக்கும் கருவி கால்சியத்தை எடுத்துவிட்டு அந்த இடத்தில் சோடியத்தை வைக்கிறது; டி.டி.எஸ். ஏறக்குறைய அப்படியே இருக்கும். கறை வரத்தான் செய்யும், ஆனால் ஈரத்துணியில் போய்விடும் கறை. கறையே வேண்டாம் என்றால் கடைசி அலசலுக்கு மட்டும் ஆர்.ஓ. அல்லது டிஸ்டில்டு வாட்டர். கை பம்ப் ஸ்ப்ரேயரில் நான்கைந்து லிட்டர் ஒரு காருக்குப் போதும். ஆர்.ஓ. கருவியின் கழிவு நீரை வீணாக்காமல் வண்டி கழுவுகிறோம் என்று செய்வது கெடுதல். வடிகட்டி தள்ளிவிட்ட உப்பு முழுக்க அதில்தான் சேர்ந்திருக்கிறது. ஏ.சி.யிலிருந்து சொட்டும் தண்ணீர் இதற்கு நேர் எதிர். காற்றின் ஈரம் குளிர்ந்து வடிந்தது என்பதால் உப்பு மிகக் குறைவு, துணியில் வடிகட்டிக் கடைசி அலசலுக்கு வைத்துக்கொள்ளலாம்.

கழுவும்போது ஒரு பக்கம் முடிந்ததும் மறுபக்கம் போவதற்குள் முதல் பக்கம் காய்ந்துவிடாதபடி அவ்வப்போது நனைத்துக்கொண்டே இருங்கள். கடைசியில் குழாயின் முனையைக் கழற்றிவிட்டு, கூரையிலிருந்து மெதுவாகத் தண்ணீரை வழியவிட்டால் ஒரே திரையாக இறங்கித் தன்னோடு சொட்டுகளையும் இழுத்துக்கொண்டு போகும், துடைக்க வேண்டியது பாதியாகும். பக்கக் கண்ணாடிக்கு அடியிலும் கதவுக் கைப்பிடி, எரிபொருள் மூடி இடுக்கிலும் ஒளிந்திருக்கும் தண்ணீர் பத்து நிமிடம் கழித்து வழிந்து கோடு போடும். புளோயர் இருந்தால் அங்கே ஊதிவிடுங்கள்.

செராமிக் கோட்டிங் போட்டால் உப்புக்கறை வராது என்று நம்பிப் பணம் கொடுக்கிறவர்களுக்கு ஏமாற்றம் காத்திருக்கிறது. கோட்டிங்கில் தண்ணீர் உருண்டு திரண்டு நிற்கும். அதே உப்பு சிறிய இடத்தில் செறிவாகக் காய்ந்து, தடித்த வளையமாகப் படியும். அரிப்பு கோட்டிங்கோடு நிற்கும், பெயிண்டுக்கு இறங்கத் தாமதமாகும் என்பதுதான் லாபம். வாக்ஸோ சீலன்ட்டோ இருந்தாலும் கதை அதேதான். அமிலத்தால் துடைத்த பிறகு அந்த வாக்ஸில் கொஞ்சம் போயிருக்கும் என்பதால் மறுபடி பூச வேண்டும்.

துடைக்கும் துணியையும் இதே தண்ணீரில்தான் துவைப்போம். சில துவையலுக்குப் பிறகு மைக்ரோஃபைபர் விறைத்துப்போய், தண்ணீரை உறிஞ்சாமல் தள்ளிக்கொண்டே போனால் அதன் இழைகளிலும் சுண்ணாம்பு படிந்திருக்கிறது. அந்தத் துணியே பெயிண்டைக் கீறும். நான்கு லிட்டர் தண்ணீருக்கு ஒரு டம்ளர் வினிகர் கலந்து அரை மணி நேரம் ஊறவைத்து, அலசி, நிழலில் காயப்போட்டால் மறுபடி மெத்தென்று ஆகிவிடும். துணிக்கு மென்மையூட்டும் திரவம் மட்டும் சேர்க்காதீர்கள், அது இழையின் மேல் படலமாகப் படிந்து உறிஞ்சும் தன்மையைக் கெடுத்துவிடும்.